உழைக்கும் கை மீள வழி: தொழில்வழிச் சிகிச்சையாளரை நகரில் தேடும் முறை

பயிர்த்தொழிலுக்கு வேண்டிய மூலதனம் எவை என்று கேட்டால், நிலம், நீர், விதை, எரு, மாடு என்று விரல்விட்டு எண்ணுகிறோம். எண்ணுகின்ற அவ்விரல்களையே கணக்கில் சேர்க்க மறந்து விடுகிறோம். நாற்றுப் பறிக்கவும், வரப்பை வெட்டவும், கட்டுக் கட்டவும், கன்றை அவிழ்க்கவும் கை வேண்டும். அக்கை ஒரு நாள் நோயாலோ விபத்தாலோ வழங்காமற் போகுமாயின், அக்குடும்பத்தின் நிலமும் நீரும் இருந்தும் பயனில்லை. அவ்வாறு செயலிழந்த கையை மீண்டும் வேலைக்குப் பழக்குவதற்கென்றே கற்றுத் தேர்ந்தவர்கள் நகரங்களில் இருக்கின்றனர். அவர்கள் இருப்பதை நம் கிராமங்களில் அறிந்தவர் மிகச் சிலரே. அவர்களை எங்கே, எவ்வாறு தேடுவது என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாய அன்பர்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

ஒரு சீட்டின் கதை

எமது வட்டாரம் புதுச்சேரி நகருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை அடுத்துள்ளது. இங்குள்ள ஒரு கிராமத்தில் இரண்டு ஏக்கர் நிலத்தில் நெல்லும் மணிலாவும் பயிரிட்டு வந்த பெரியவர் ஒருவருக்குப் பக்கவாதம் கண்டது. வலக்கையும் வலக்காலும் விழுந்தன. நகரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்த்து உயிரைக் காப்பாற்றினார்கள். வீடு திரும்பும் நாளில் மருந்துச் சீட்டோடு இன்னொரு சிறு சீட்டும் கொடுத்தார்கள். அதில் ‘ஓ.டி.’ என்னும் இரண்டு எழுத்துகளும் ஒரு தேதியும் இருந்தன.

பெரியவரை அவருடைய மகளுக்கு வாழ்க்கைப்பட்ட ஊரான கருவடிக்குப்பத்தில் தங்க வைத்தனர். மகாகவி பாரதியார் புதுவையில் வாழ்ந்த 1908 முதல் 1918 வரையான ஆண்டுகளில் அடிக்கடி சென்று வந்த சித்தானந்த சுவாமிகள் கோயில் இருக்கும் பகுதி அது. இன்று நகரோடு நகராக இணைந்து விட்டது. மருத்துவமனைக்குப் போய்வர வசதியாக இருக்கும் என்றே அங்கே தங்கினார்கள். ஆனால் சீட்டைப் படித்துப் பார்த்த அண்டை வீட்டார், ‘ஓ.டி.’ என்றால் ஆபரேஷன் தியேட்டர், அதாவது அறுவைக்கூடம் என்று சொல்லி விட்டார். குடும்பம் நடுங்கிப் போயிற்று. சீட்டு டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று.

அடுத்த இரண்டரை மாதங்கள் எண்ணெய் தேய்ப்பதிலும், கயிறு கட்டுவதிலும், கைக்கு மின்சாரம் பாய்ச்சுவதாகச் சொல்லி முன்பணம் வாங்கிய ஒரு நிலையத்திலும் கழிந்தன. தூக்கி உட்கார வைக்கும்போதெல்லாம் செயலிழந்த கையையே பிடித்து இழுத்ததால் தோளில் தீராத வலி கண்டது. விரல்கள் மடங்கி இறுகின.

உதவித்தொகைக்கு மனுச் செய்ய அவர் மகன் எமது அலுவலகத்துக்கு வந்தபோது, தாள்களின் நடுவே அச்சீட்டும் இருந்தது. “ஏனப்பா, இந்தத் தேதியில் போகவில்லையா?” என்று கேட்டேன். “மறுபடியும் அறுப்பார்கள் என்று பயந்து விட்டோம், ஐயா” என்றார். உண்மையைச் சொன்னால், அவ்விரண்டு எழுத்துகளின் பொருள் எனக்கும் அன்று தெரியாது. வட்டார மருத்துவ அலுவலரைக் கேட்டே தெரிந்துகொண்டேன். அது அறுவைக்கூடம் அன்று. ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்பதன் சுருக்கம். கையைத் திருப்பித் தருவதற்கு எழுதிக் கொடுத்த சீட்டைக் கையை எடுப்பதற்கான சீட்டென்று எண்ணிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள்.

தொழில்வழிச் சிகிச்சை என்றால் என்ன?

ஆக்குபேஷனல் தெரபி என்பதைத் தொழில்வழிச் சிகிச்சை என்றும், செயல்முறைச் சிகிச்சை என்றும் தமிழில் வழங்குகின்றனர். ஈண்டுத் ‘தொழில்’ என்பது பிழைப்பை மட்டும் குறிப்பதன்று. பல் துலக்குதல், குளித்தல், உடுத்தல், உண்ணுதல், எழுதுதல், சமைத்தல், உழுதல் என மனிதன் ஒரு நாளில் செய்யும் செயல் அனைத்தையும் குறிப்பதாகும். செயலையே மருந்தாகக் கொண்டு செயலாற்றலை மீட்பதே இச்சிகிச்சையின் அடிப்படை.

இயன்முறைச் சிகிச்சை எனப்படும் பிசியோதெரபியை நம்மவர் பலரும் அறிவர். அது தசைக்கு வலுவூட்டி, மூட்டை அசையச் செய்து, வலியைக் குறைத்து, நடக்கப் பழக்குவது. அவ்வாறு வந்த அசைவைக் கொண்டு சோற்றைப் பிசைந்து வாயில் இடுவது எப்படி, வேட்டியைக் கட்டுவது எப்படி, களைக்கொத்தைப் பிடிப்பது எப்படி என்று கற்பிப்பது தொழில்வழிச் சிகிச்சை. இரண்டும் ஒன்றுக்கொன்று துணையானவை. ஏர் பூட்டுவதும் விதைப்பதும் போல, ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டால் விளைவு குறையும்.

பக்கவாதம் கண்டவர்கள், மூளைவாதத்தோடு பிறந்த குழந்தைகள், கரும்பு ஆலையிலோ கதிரடிக்கும் இயந்திரத்திலோ விரலிழந்தவர்கள், தென்னையினின்றும் பனையினின்றும் விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவர்கள், தொழுநோயால் கையில் உணர்ச்சி குன்றியவர்கள், தீப்புண்ணால் தோல் இழுத்துக்கொண்டவர்கள், முதுமையால் மறதி மிகுந்தவர்கள் ஆகிய அனைவர்க்கும் இச்சிகிச்சை பயன்படும்.

இத்துறை வளர்ந்த வரலாறு

1917இல் அமெரிக்காவில் இத்துறைக்கென முதற்சங்கம் தோன்றியது. உலகப் போர்களில் உறுப்பிழந்து திரும்பிய வீரர்களை மீண்டும் வாழ்வில் நிறுத்த வேண்டிய நிலையில் இது வேகமாக வளர்ந்தது. நம் நாட்டில் இதற்கான முதற்பள்ளி 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கப்பெற்றது. அதனைத் தோற்றுவித்த கமலா நிம்ப்கர் அம்மையார், அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டவர். 1952இல் அகில இந்தியத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சங்கம் அமைந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு வேரூன்றிய இடம் வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்டு தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவை செய்து நிமிர்த்தினார். நிமிர்ந்த கைக்கு வேலை தெரியாவிடில் அறுவையால் பயன் நிறைவுறாது என்பதைக் கண்ட அவர், 1950களின் தொடக்கத்தில் நோயாளிகள் தச்சு வேலை முதலியன பழகப் புது வாழ்வு மையம் ஒன்றை அமைத்தார். அதே கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். எனினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. செயலிழந்தவர் பிறர்க்குச் சுமை என்னும் எண்ணத்தைத் தம் வாழ்க்கையாலேயே பொய்யாக்கியவர் அவர்.

காலத்தே செய்தல்

பருவத்தே பயிர் செய் என்பது நாம் அறிந்த நெறி. இச்சிகிச்சைக்கும் பருவம் உண்டு. பக்கவாதத்தில் உடல்நிலை சீரானவுடன், படுக்கையில் இருக்கும்போதே பயிற்சி தொடங்குதல் வேண்டும். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் மிகுதியாகக் காணும். அதன் பின்னரும் முன்னேற்றம் உண்டு. ஆயினும் வேகம் குறையும். குழந்தையாயின், உரிய மாதத்தில் கழுத்து நில்லாமலோ, உட்காராமலோ, ஒரு கையை மட்டும் மூடியே வைத்திருந்தாலோ, ‘வளர வளரச் சரியாகும்’ என்று காத்திராமல் உடனே காட்டுதல் வேண்டும்.

நகரில் தேடும் முறை

முதலாவதாக, சிகிச்சை அளித்த மருத்துவரிடமே கேட்க வேண்டும். மருத்துவமனையை விட்டு வெளிவரும் முன், “தொழில்வழிச் சிகிச்சை வேண்டுமா? எந்தத் துறைக்குச் செல்ல வேண்டும்?” என்று கேட்டு, பரிந்துரைச் சீட்டை முழுச் சொற்களில் எழுதி வாங்குதல் நலம். சுருக்கெழுத்து எதைக் கண்டாலும் அதன் பொருளைக் கேட்டறியாமல் அவ்விடத்தை விட்டு நகரலாகாது.

இரண்டாவதாக, பெரிய மருத்துவமனைகளில் ‘உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறை’ என்னும் பிரிவைத் தேட வேண்டும். இதனைப் பி.எம்.ஆர். என்றும் சுருக்கிச் சொல்வர். தொழில்வழிச் சிகிச்சையாளர் பெரும்பாலும் இத்துறையை ஒட்டியே பணிபுரிவர். புதுவை வட்டாரத்தார்க்கு அண்மையில் உள்ளது கோரிமேட்டு ஜிப்மர் நிறுவனம். 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த இந்நிறுவனத்தில் மேற்சொன்ன துறை உண்டு. சென்னை கலைஞர் கருணாநிதி நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வேலூரைப் பற்றி முன்னரே கூறினோம்.

மூன்றாவதாக, குழந்தைகட்குத் தனி வழிகள் உள. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பெற்றன. அங்கன்வாடி ஊழியரிடமோ பள்ளித் தலைமையாசிரியரிடமோ சொன்னால் அங்கு அனுப்பி வைப்பர். கருவடிக்குப்பத்தின் வழியே வடக்கு நோக்கிச் செல்லும் அதே கடற்கரைச் சாலையில், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகிறது. புதுச்சேரியிலேயே 2003இல் தொடங்கப்பெற்ற சத்யா சிறப்புப் பள்ளி இத்தகைய குழந்தைகளுக்காக உழைத்து வருகிறது.

நான்காவதாக, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். தம் மாவட்டத்தில் எங்கு எச்சிகிச்சை கிடைக்கும் என்பதை அவ்வலுவலகத்தார் அறிவர். தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின்கீழ் ‘விழுதுகள்’ என்னும் பெயரில் திறக்கப்பெற்று வரும் ஒருங்கிணைந்த சேவை மையங்களில் இயன்முறைச் சிகிச்சை, தொழில்வழிச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி ஆகியன ஒரே இடத்தில் கிடைக்கின்றன. நம் பகுதிக்கு மையம் வந்துள்ளதா என்பதையும் அங்கேயே கேட்டறியலாம்.

எல்லைப்புறக் கிராமத்தார் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். சிகிச்சையைப் புதுவையில் பெறலாம். ஆயின் உதவித்தொகைக்கும் உபகரணங்களுக்கும் தமிழ்நாட்டார் தத்தம் மாவட்ட அலுவலகத்திலேயே மனுச் செய்தல் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை நாடெங்கும் செல்லுபடியாகும்.

தகுதி அறிதல்

தனியாரிடம் செல்வோர் பலகையைக் கண்டு மயங்கலாகாது. விதை வாங்கும்போது சான்று பார்க்கிறோம் அல்லவா? இங்கும் சான்று பார்த்தல் வேண்டும். இத்துறைக்குரிய பட்டம் பி.ஓ.டி. எனவும், மேற்பட்டம் எம்.ஓ.டி. எனவும் வழங்கும். நான்காண்டுப் படிப்பும் அதன்மேல் மருத்துவமனைப் பயிற்சியும் பெற்றவர்க்கே அப்பட்டம் உரியது. சில வாரப் பயிற்சிச் சான்று அதற்கு ஈடாகாது. 2021இல் பாராளுமன்றம் இயற்றிய துணைநிலை மருத்துவத் தொழிலாளர் சட்டம் இத்துறையையும் தன்னுள் அடக்கிப் பதிவு முறைக்கு வழி செய்துள்ளது. ஆதலின் பட்டத்தையும் பதிவையும் கேட்பது மரியாதைக் குறைவன்று.

பின்வருவனவற்றையும் கேட்டறிக. இத்தகைய நோயாளிக்கு முன்னர்ச் சிகிச்சை அளித்ததுண்டா? முதலில் எந்தச் செயலை மீட்க முயல்வீர்கள்? எத்தனை வாரத்தில் பலனை மதிப்பிடுவீர்கள்? வீட்டில் நாங்கள் செய்ய வேண்டுவது என்ன? ஒரு முறைக்குக் கட்டணம் எவ்வளவு? நல்ல சிகிச்சையாளர் முதலில் உங்கள் அன்றாட வாழ்க்கையைக் கேட்பார். பின்னரே கையைத் தொடுவார். ‘முழுவதும் குணமாக்குவேன், பல மாதப் பணத்தை முன்னரே கட்டுக’ என்பவரிடமிருந்து விலகி நிற்றல் நன்று.

கொண்டுசெல்ல வேண்டியவை

மருத்துவமனைத் தாள்கள், அடையாள அட்டை, உண்ணும் மருந்துகள் இவற்றோடு, நோயாளியைக் கவனித்துக்கொள்பவரும் உடன் செல்லுதல் வேண்டும். அவர் கற்றுக்கொண்டால்தான் வீட்டில் பயிற்சி தொடரும். காலை முதல் இரவு வரை நோயாளி தாமே செய்யக்கூடியவை, உதவியோடு செய்பவை, செய்ய இயலாதவை என மூன்று பட்டியல் எழுதிச் செல்க. வீட்டு வாசற்படி, கழிப்பறை, குளிக்குமிடம், கட்டில் ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்துச் செல்க. அவர் பிடித்துப் பழகிய அரிவாள், களைக்கொத்து போன்ற சிறு கருவியையும் காட்டலாம். அடிக்கடி வர இயலாத தூரமாயின், அதனை வெளிப்படையாகச் சொல்லி வீட்டுப் பயிற்சி முறையை எழுதி வாங்குக. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கின்றனர். அவர்களிடமும் இத்தாளைக் காட்டினால் இரண்டும் இணைந்து நடக்கும்.

அதுவரை வீட்டில் செய்யத்தக்கவை

செயலிழந்த கையைப் பிடித்துத் தூக்கலாகாது. இடுப்பையும் முதுகையும் தாங்கியே எழுப்புக. உட்காரும்போது அக்கையைத் தலையணை மீது தாங்கி வைக்க. சட்டை அணியும்போது செயலிழந்த கையை முதலில் நுழைக்க, கழற்றும்போது அதனைக் கடைசியில் எடுக்க. கரண்டிக் காம்பில் துணியோ பழைய சைக்கிள் டியூபோ சுற்றிப் பருமனாக்கினால் பிடி எளிதாகும். குளிக்க வழுக்காத ஆசனம் இடுக. முதுகுத்தண்டு முறிந்து படுத்திருப்பவரை இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிடில் படுக்கைப்புண் வரும். உணர்ச்சியற்ற கையால் சூடான பாத்திரத்தைத் தொட விடலாகாது. இவை சிகிச்சைக்கு மாற்று ஆகா. சிகிச்சை கிடைக்கும் வரை கேடு வராமற் காப்பவை.

ஊராட்சியின் கடமை

ஒரு குடும்பம் தனியே நகரில் அலைவதினும், ஊராட்சி முன்நின்று வழிகாட்டுதல் சிறப்பு. ஊரில் இத்தகையோர் எத்துணைப் பேர் என்று வார்டு உறுப்பினர் கணக்கெடுத்துப் பதிவு வைக்கலாம். அண்மை மருத்துவமனைகளில் இச்சிகிச்சை எந்நாளில், எந்த அறையில் நடக்கிறது என்று ஒருவர் நேரிற் சென்று விசாரித்து, ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் எழுதி வைக்கலாம். கிராம சபையில் அதனை வாசிக்கலாம். முதியோரும் குழந்தைகளும் சிலர் சேர்ந்தால் ஒரே வண்டியில் அனுப்பி வைக்கலாம்.

ஊராட்சி அலுவலகம், நியாய விலைக்கடை, பள்ளி ஆகியவற்றுக்குச் சாய்தளம் கட்டும்போது 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் விடுதல் வேண்டும். இடமில்லை என்று செங்குத்தாகக் கட்டிய சாய்தளம் பயன்படாது, விழச் செய்யும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. பொது இடங்களை அவர்கள் அணுகத்தக்கனவாக அமைப்பது சலுகையன்று, சட்டம் தந்த உரிமை.

முடிவுரை

சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு பெரியவர் சிகிச்சையாளரிடம் சென்றார். மடங்கிய விரல்களுக்கு அச்சுப்பட்டை செய்து கொடுத்தனர். தானியத்தை அள்ளவும், முடிச்சுப் போடவும், தட்டைப் பிடிக்கவும் பழக்கினர். ஆறு மாதத்தில் தாமே குளித்து உடுத்தலானார். வலக்கை சாக்கின் வாயைப் பிடித்துக்கொள்ள, இடக்கையால் மணிலாவை அள்ளிப் போடுகிறார். பழைய கை முழுவதும் வரவில்லை. முதல் வாரங்களிலேயே வந்திருந்தால் இன்னும் மிகுதியாக மீட்டிருக்கலாம் என்று சிகிச்சையாளர் சொன்னார். அச்சொல் அக்குடும்பத்துக்கு மட்டுமன்று, அச்சீட்டின் பொருள் அறியாதிருந்த எமக்கும் உரியதே.

சிகிச்சையாளர் இல்லாமையால் அன்று, இரண்டு எழுத்துகளின் பொருள் அறியாமையால் ஒரு விவசாயியின் கையில் பாதி போயிற்று. அடுத்த கிராம சபையில் அவ்விரண்டு எழுத்துகளின் பொருளை உரக்கச் சொல்லுங்கள். பெட்டிக்குள் கிடக்கும் சீட்டு இன்னும் சில உங்கள் ஊரிலும் இருக்கக்கூடும்.